பள்ளிக்கூடத்துக் கூரை உங்கள் பொறுப்பு

கிராமத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாய்மார்களே, தந்தையரே,



உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவில் உங்கள் பெயர் இருக்கிறது. மாதக் கூட்டத்துக்குப் போகிறீர்கள். சத்துணவு முட்டையைப் பற்றியும் கழிப்பறைக் கதவைப் பற்றியும் பேசுகிறீர்கள், தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்தத் தீர்மானப் புத்தகத்தில் இன்னும் ஒரு விஷயத்தை ஏற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். பள்ளிக்கூடத்துக் கூரையைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதன்மேல் வெயில் காய்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டுகிறது. கீழே வகுப்பறையில் மின்விசிறி ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்தில் கூப்பிடுகிற பள்ளிகளுக்குப் போய் மாடிமேல் ஏறிப் பார்ப்பது இப்போது என் வேலையாகிவிட்டது. சோலார் பிளேட் இருக்கும் பள்ளி, இல்லாத பள்ளி, மழைநீர்க் குழி இருக்கும் பள்ளி, குழி இருந்த இடமே தெரியாத பள்ளி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பொருள் வந்து சேராதது பெரிய குறை இல்லை. அரசுத் திட்டத்திலோ, ஏதாவது ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலோ, வெளியூரில் நன்றாக இருக்கும் பழைய மாணவர் மூலமோ எப்படியும் வந்துவிடுகிறது. வந்த பொருள் மூன்று நான்கு வருஷத்தில் செத்துப்போவதுதான் குறை. அதைத் தடுக்க உங்களால்தான் முடியும். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார், அதிகாரிகளும் மாறுவார்கள். நீங்கள் அதே ஊரில் இருப்பீர்கள், உங்கள் பிள்ளைக்குப் பிறகு உங்கள் தங்கை பிள்ளையும் அங்கேதான் படிக்கும்.

கூரையைப் பற்றிக் கேட்கும் உரிமை சட்டப்படியே உங்களுக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைக் குழுவிடம் கொடுக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களை மறுகட்டமைத்தபோது பெற்றோர் பலர் முதன்முறையாக உள்ளே வந்தார்கள். ஆகவே தயங்காமல் பேசுங்கள். நீங்கள் யாரிடமும் தயவு கேட்கவில்லை.

கரண்டும் தண்ணீரும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று நாம் நினைக்கிறோம். கரண்டுக்கு மின்வாரியத்துக்கு ஒரு மனு, தண்ணீருக்கு ஊராட்சிக்கு ஒரு மனு எழுதுகிறோம். பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒன்றுதான். மோட்டார் ஓடினால்தான் தொட்டி நிறையும், தொட்டி நிறைந்தால்தான் கழிப்பறையில் தண்ணீர் வரும். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்கும் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பார்கள். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வாள். இப்போது தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. பிள்ளைகள் வருவதற்கு முன்பே அடுப்பு மூட்ட வேண்டும், அரிசி களைய வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் கரண்ட் இல்லாவிட்டால் சமையல்காரம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போகிறார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது 2018இல் நன்றாகப் புரிந்தது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. வேதாரண்யம் பகுதியில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு, அதனால் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீரை நம்பித்தான் குடித்தனம். கம்பம் விழுந்ததும் அந்தத் தண்ணீரும் நின்றது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, டீசலுக்கு ஊரில் வசூல் பண்ணினார்கள். வீடு இழந்தவர்களில் பலர் பள்ளிக்கூடங்களில்தான் தங்கினார்கள். அந்தப் பள்ளிக்கூடங்களில் விளக்கு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கடற்கரை மாவட்டங்களில் பள்ளிக்கூடம்தான் ஊரின் கடைசிப் புகலிடம். அதற்கென்று சொந்தமாகக் கொஞ்சம் கரண்டும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

மழைநீரை முதலில் எடுத்துக்கொள்வோம், அதற்குத்தான் செலவு குறைவு.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. பள்ளிகளிலும் மாடியிலிருந்து பைப் இறக்கிக் குழி தோண்டி ஜல்லி போட்டார்கள். அன்றைக்கு அது நல்ல காரியம். பல ஊர்களில் கிணறு ஊறியது. இன்றைக்கு அந்தக் குழிகளைப் போய்ப் பாருங்கள். ஒரு பள்ளியில் பிவிசி பைப்பின் முழங்கை உடைந்து, மாடித் தண்ணீரெல்லாம் சுவரோரம் கொட்டி, ஒன்றாம் வகுப்பின் சுவர் ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. குழி மூடியை நிமிர்த்திப் பார்த்தோம். வேப்பஞ்சருகு, பிஸ்கட் கவர், ஒரு செருப்பு, அதற்குக் கீழே இறுகிப்போன சேறு. ஜல்லியை எட்டவே கடப்பாரை வேண்டியிருந்தது. முழங்கை வாங்க நூறு ரூபாய் ஆகாது. குழியைத் தூர்வார ஒரு ஆள் கூலி. இந்த இரண்டும் நடக்காததால் வகுப்பறைச் சுவரே பழுதாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. குழி என்பது பூமிக்குள் தண்ணீரை அனுப்புவது. நிலத்தடி நீர் நன்றாக இருக்கும் ஊரில் அது போதும். உப்புத் தண்ணீர் ஊரில், நம் கூரையில் விழுந்த நல்ல தண்ணீர் பூமிக்குள் போய் உப்போடு சேர்ந்துவிடும். அதைத் திரும்ப எடுத்துக் குடிக்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். அந்தப் பாதிப்பைத் தடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மழைநீரில் உப்பும் இல்லை, புளோரைடும் இல்லை. இத்தகைய ஊர்களில் குழியோடு நிறுத்தக் கூடாது. தொட்டி கட்டிச் சேமிக்க வேண்டும். என் கருத்தில், கடற்கரையிலும் புளோரைடு பகுதியிலும் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் புதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு போடும்போதே தொட்டியையும் சேர்த்துப் போட வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இருபது மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம் உள்ள ஒரு வகுப்பறைக் கட்டடத்தின் மாடி 140 சதுர மீட்டர். தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மில்லி மீட்டருக்குச் சற்று மேல். ஆவியாவது, தெறிப்பது, முதல் மழையைக் கழிப்பது எல்லாம் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும் என்று வைத்தாலும் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வருகிறது. ஒரே ஒரு கட்டடத்திலிருந்து.

ஒரு லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்ட வேண்டியதில்லை. 20,000 லிட்டர் தொட்டி போதும். நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம். 120 பிள்ளைகள் உள்ள பள்ளியில் குடிக்கவும் சமைக்கவும் சேர்த்துத் தலைக்கு இரண்டு லிட்டர் என்றால் நாளைக்கு 240 லிட்டர். நிறைந்த தொட்டி எண்பது பள்ளி நாளுக்கு வரும். மார்கழியில் நிறைந்த தொட்டியைப் பொங்கல் கழித்துத் திறந்தால் கோடை விடுமுறை விடும்வரை தாங்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றுகிற மாசியும் பங்குனியும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஐப்பசி வரைக்கும் இந்தத் தொட்டி முழுதாகக் கைகொடுக்காது. ஆடி ஆவணியில் பெய்யும் மழையைப் பொறுத்தது. அந்த மாதங்களுக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். தொட்டித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு உப்புத் தண்ணீரே போதும். இரண்டுக்கும் பைப் வேறு வேறாக இருக்கட்டும். தொட்டி நிறைந்து வழிவதைப் பழைய குழிக்குத் திருப்பிவிடுங்கள்.

மழைத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. மழை சுத்தமாகத்தான் விழுகிறது; மாடிதான் அதை அழுக்காக்குகிறது. புறா எச்சம், காய்ந்த இலை, பழைய பெஞ்சுக் கால், ஓட்டை வாளி எல்லாம் மாடியில் கிடக்கும். மழைக்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவ வேண்டும். சீசனின் முதல் இரண்டு மூன்று மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே திருப்ப ஒரு வால்வு வேண்டும். பிறகு கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய வடிகட்டி. தொட்டிக்குள் வெளிச்சம் போகக் கூடாது, போனால் பாசி பிடிக்கும். கொசு போகக் கூடாது, போனால் டெங்கு. காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடும் குழாய்க்கும் கொசுவலை கட்டுங்கள். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். பூட்டு இல்லாத தொட்டி இருக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்றுகூடச் சொல்வேன். தண்ணீரை மேலிருந்து மொண்டு எடுக்க விடாமல் குழாயோ கைப்பம்போ வையுங்கள். கல்நார் ஷீட் போட்ட கூரைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பாத்திரம் கழுவவும் செடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரின் எவ்வளவு என்பதை நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் அதைத் தினமும் செய்கிறவர், அவரைக் கூப்பிடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கும் பெட்டியை ஊராட்சிகளுக்குக் கொடுத்து, பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பள்ளித் தொட்டித் தண்ணீரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், அதைவிட நல்ல அறிவியல் வகுப்பு கிடையாது.

இனி சோலார்.

பள்ளிக்கூடம் நடப்பது காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை. வெயில் அடிப்பதும் அப்போதுதான். வீட்டுக்கு ராத்திரிதான் கரண்ட் அதிகம் வேண்டும், பள்ளிக்குப் பகலில். சோலாருக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவு பொருத்தமான இடம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பிளேட் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் கொடுக்கும். அதற்குச் சுமார் பத்து சதுர மீட்டர் இடம் போதும்.

ஆனால் பிளேட் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் மின்விசிறியைப் பாருங்கள். நாலு வகுப்பறை, எட்டு மின்விசிறி உள்ள பள்ளியை எடுத்துக்கொள்வோம். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் எட்டுக்கும் சேர்த்து 3.6 யூனிட். மின்சாரத்தை மிச்சம் பண்ணும் பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டுக்குள் அதே காற்றைக் கொடுக்கும். எட்டுக்கும் சேர்த்து ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் இரண்டு யூனிட்டில் குழல் விளக்கும் தொடுதிரைப் பலகையும் ஓடும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை ஒரு மணி நேரம் போட்டால் முக்கால் யூனிட். எல்லாம் சேர்த்து இந்தப் பள்ளிக்கு இரண்டு கிலோவாட் தாராளம். மின்விசிறியை மாற்றாமல் ஐந்து கிலோவாட் கேட்பதும், அதற்குப் பெரிய பேட்டரி வாங்குவதும் வீண் செலவு. பேட்டரிதான் முதலில் சாகும், அதற்குத்தான் பணமும் அதிகம்.

இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்தது போலத் தோன்றும். மின்வாரிய லைனோடு மட்டும் இணைக்கிற சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது நம் பிளேட்டிலிருந்து கரண்ட் பாய்ந்து அவர் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்வெட்டே இல்லாத ஊரில் இந்த வகை சரி, பேட்டரிச் செலவும் மிச்சம். அடிக்கடி கரண்ட் போகிற ஊருக்கும் புயல் வரும் ஊருக்கும் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் வேண்டும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், கொண்டுவருகிறவரிடம் விட்டுவிடாதீர்கள். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும், வெயிலோ உச்சத்தில் இருக்கும். அப்போது மிஞ்சும் மின்சாரத்தை லைனுக்குக் கொடுத்தால் உங்கள் இணைப்பு வகைக்கு என்ன கணக்கு என்று மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செத்துப்போன ஒரு சோலாரைப் பற்றிச் சொல்கிறேன். மாடியில் நாலு பிளேட், தெற்குப் பார்த்துச் சரியாகவே பொருத்தியிருந்தார்கள். பொருத்தியபோது சின்னதாக இருந்த வேப்ப மரம் மாடிக்கு மேலே வளர்ந்து பத்து மணியிலிருந்து இரண்டு பிளேட்டில் நிழல் விழுந்தது. வரிசையில் ஒரு பிளேட்டில் நிழல் விழுந்தாலும் மற்றவை கொடுப்பதும் குறைந்துவிடும். கீழ் விளிம்பில் எச்சமும் தூசியும் சேர்ந்து காய்ந்து நகத்தால் சுரண்ட முடியாதபடி இறுகியிருந்தது. தலைமையாசிரியர் அறையில் இன்வெர்ட்டர், அதன்மேல் சாக்பீஸ் டப்பாக்கள், காற்றுப் போகும் துளையெல்லாம் அடைபட்டிருந்தது. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், மூடியைத் திறந்தால் தகடு வெளியே தெரிந்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி எத்தனை காலம் ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. யார் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று சுவரில் எழுதியிருக்கிறது. பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. இரண்டு கிளையை வெட்டி, மாதம் ஒருமுறை பிளேட்டைத் துடைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தப் பள்ளியில் இன்றைக்கும் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் அடுத்த முறை யாராவது சோலாரோ தொட்டியோ கொடுக்க வந்தால், நன்றி சொல்லி மாலை போடுவதற்கு முன்னால் பேசுங்கள். ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதித் தருவீர்களா, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும், அந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் உத்தரவாத அட்டை பள்ளியின் பெயரில் வருமா, புயல் காற்றுக்குத் தாங்கும்படி பிளேட்டின் கால்களைக் காங்கிரீட்டில் ஊன்றுவீர்களா, எர்த்தும் இடிதாங்கியும் உண்டா என்று கேளுங்கள். இதைக் கேட்டால் கொடுக்க வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று தலைமையாசிரியர்கள் பயப்படுகிறார்கள். அக்கறையோடு கொடுக்கிறவர் கோபிக்க மாட்டார். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும், அவர் கொடுப்பது மூன்று வருஷத்தில் இரும்புக் கடைக்குத்தான் போகும்.

பணத்துக்கு என்ன செய்வது? 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை படிக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். சாக்பீஸிலிருந்து பல செலவுக்கும் அது ஒன்றுதான் என்பது தெரியும். ஆனாலும் மழைக்கு முன்னால் பைப், வால்வு, தூர்வாரும் கூலி ஆகியவற்றை அதில் எழுதிவைக்க வேண்டும். பேட்டரிக்கு மட்டும் தனியாக மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் ஐந்து வருஷத்தில் 30,000 சேரும், பழைய பேட்டரி ஓய்கிற நேரத்தில் புதியதற்குக் கையில் காசு இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. பழைய மாணவர்களிடம் கேளுங்கள். 2022இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் உதவி கேட்கலாம். ஊராட்சியிடமும் கேளுங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. ஊர்த் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. ஓர் ஊராட்சி காற்றாலையே வாங்க முடிகிறபோது உங்கள் ஊராட்சி ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தர முடியாதா?

எங்களுக்குக் கரண்ட் வேலை தெரியாதே என்று அம்மாமார்கள் சொல்வதைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ராஜஸ்தானில் திலோனியா என்று ஒரு கிராமம். 1972இல் பங்கர் ராய் அங்கே ஓர் அமைப்பைத் தொடங்கினார், வெறுங்கால் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களை, பேரன் பேத்தி எடுத்த பாட்டிமார்களையும் சேர்த்து, ஆறு மாதப் பயிற்சியில் சோலார் பொறியாளர்களாக்கினார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்துகூடப் பாட்டிகள் வந்து, பொது மொழி இல்லாமல் சைகையிலும் வயரின் நிறத்திலும் கற்றுக்கொண்டு போய்த் தங்கள் ஊருக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வளாகம் சூரிய மின்சாரத்தில் நடக்கிறது, கூரைகளின் மழைநீரெல்லாம் நிலத்தடித் தொட்டிக்குப் போகிறது. அது தமிழ்நாட்டைவிட மழை குறைவான வறண்ட பகுதி. ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக அவர்கள் நடத்திய இரவுப் பள்ளிகளில் சூரிய விளக்குகள்தான் எரிந்தன. அங்கே ஆண்களைவிடப் பாட்டிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை கற்றதும் ஆண்கள் நகரத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டி ஊரிலேயே இருப்பாள் என்பதுதான் காரணம். நான் உங்களிடம் கேட்பதும் அதே காரணத்துக்காகத்தான். எல்லாரும் பொறியாளர் ஆக வேண்டாம். குழுவில் இரண்டு பேர், பேட்டரி மட்டத்தைப் பார்க்கவும் இன்வெர்ட்டரில் எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லவும் கற்றுக்கொண்டால் போதும். பொருத்துகிற அன்றே பொருத்துபவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வயரைத் தொட வேண்டாம், வெயில் இருக்கும்வரை பிளேட் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பிள்ளைகளை மாடியில் ஏற்றவே கூடாது.

ஊர் சேர்ந்து பள்ளிக்கூடத்தைத் தாங்குவது நமக்குப் புதிதில்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் இறுதியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், கட்டடம் கட்ட நிலம் என்று ஜனங்கள் தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்குள்ள பல பள்ளிகளின் கட்டடம் அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் நிற்கிறது. ஏரியையும் கால்வாயையும் ஊரே கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து அதற்கும் பழையது. ராமநாதபுரம் சீமையில் குடிநீர் ஊரணியில் ஆடுமாடு இறங்காமல், யாரும் கால் கழுவாமல் ஊரே காவல் காத்தது. அந்தக் காவலைப் பள்ளித் தொட்டிக்கும் கொடுங்கள்.

வேலை அதிகம் இல்லை. ஆயுத பூஜைக்கு எப்படியும் பள்ளிக்கூடத்தைக் கழுவித் துடைக்கிறோம், காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டியே வரும், வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் அதற்கடுத்த வாரங்களில்தான் தொடங்குகிறது. அந்த வாரத்தில் மாடி, பைப், வடிகட்டி, தொட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் பிளேட்டைத் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைக்க ஒரு ஆளை வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்றைக்குத் துடைத்தது, என்றைக்குப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது, என்றைக்குத் தொட்டி கழுவியது, யார் செய்தது என்று எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் மற்றதைப் பேசுவதற்கு முன்னால் அந்த நோட்டை வாசியுங்கள். நோட்டு இருக்கும் பள்ளியில் சோலார் ஓடுகிறது, நோட்டு இல்லாத பள்ளியில் ஓடவில்லை. நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு அபூர்வம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள். கூட்டத்துக்கு முன் தலைமையாசிரியரோடும் ஊராட்சி உறுப்பினரோடும் மாடிமேல் ஏறி, என்ன இருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பொறுப்பாளர்களாக இரண்டு பேரின் பெயரைத் தீர்மானத்தில் எழுதுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அந்தத் தீர்மானத்தை அக்டோபர் 2 கிராமசபையில் எழுந்து நின்று வாசித்து, தொட்டிக்கும் சோலாருக்கும் ஊராட்சியின் தீர்மானம் கேளுங்கள். அன்றைக்கு நிறைவேறாவிட்டால் நவம்பர் 1 கிராமசபையில் மறுபடியும் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்